மரக்கறி போட்டா மீன்ர நிறம் கூடுமா? எதை, எப்பிடி, எவ்வளவு

உவர்மலை_ஒராண்டா
வணக்கம். 4 அடித் தொட்டி, தண்ணி கிட்டத்தட்ட 180 லீற்றர். ஒராண்டா எண்ட உருண்டைத் தங்கமீன் மூண்டு, 8 செ.மீ. அளவு. பாசி சுரண்டுற பிரிஸ்ல்நோஸ் பிளெக்கோ மீன் ஒண்டு. பக்கத்தில 60 லீற்றர் தொட்டியில கப்பியும் பிளட்டியும். மத்தியானத்தில தண்ணி 31 பாகை, பிஎச் 7.8. ஒராண்டாவின்ர செம்மஞ்சள் வெளிறிக்கொண்டு போகுது. பச்சைக் கரட் துருவிப் போடச் சொன்னாங்கள், அரைக் கரட் போட்டாச்சு. விடியப் பார்த்தா தண்ணி பால் மாதிரிக் கிடக்கு, மூண்டு மீனும் மேல வந்து வாயைத் திறந்துகொண்டு நிக்குது. இப்ப உடன என்ன செய்ய? மரக்கறியைச் சரியாக் குடுக்கிறது எப்பிடி?

பாசித்தண்ணி
முதல்ல தண்ணி. நிறத்தைப் பிறகு பார்ப்பம்.

அந்தப் பால் நிறம் பக்றீரியா. துருவின பச்சைக் கரட்டில இருந்து சீனிச்சத்தும் சாறும் தண்ணியில இறங்கும். அதைத் தின்னுற பக்றீரியா ஒரே இரவில பெருகி ஒட்சிசனை இழுத்துப்போடும். 25 பாகையில நன்னீர் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 31 பாகையில 7.4 தான். எங்கட திருகோணமலைச் சூட்டில கையிருப்பே குறைவு, அதுக்குள்ள பங்குக்கு ஆள் வந்தா எப்பிடி? இரவில செடியும் ஒட்சிசன் விடாது, தானும் மூச்சுக்கு எடுக்கும். அதாலதான் மீன் விடியப்புறம் மேல வருது.

கரட் துகள் எல்லாத்தையும் ஹோஸால அடியோட உறிஞ்சி எடுங்க. அதோட 30 வீதம் தண்ணி மாத்துங்க. கந்தளாய்க் குளத்தில இருந்து வாற குழாய்த் தண்ணி எண்டா குளோரின் இருக்கும். தயோசல்பேற்று போடுங்க, இல்லாட்டி முதல்நாளே வாளியில பிடிச்சு எயார் ஸ்டோன் (காத்துக் குமிழ் விடுற கல்லு) ஓடவிட்டு வைச்சு ஊத்துங்க. மொட்டைமாடித் தாங்கித் தண்ணியை மத்தியானத்தில எடுக்க வேண்டாம், சுடும். இன்னொரு எயார் ஸ்டோன் போடுங்க. ரெண்டு நாளைக்குச் சாப்பாடு கிடையாது. பில்டர் ஸ்பொஞ்சை இப்ப தொடாதீங்க. ஓட்டம் குறைஞ்சா மட்டும், தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ரெண்டு தரம் பிழிஞ்சு விடுங்க. குழாய்த் தண்ணியில கழுவினா அமோனியாவை மாத்துற நல்ல பக்றீரியாவும் சேர்ந்து போயிடும்.

அமோனியாவைச் சும்மா சொல்லேல்லை. 30 பாகையில, பிஎச் 7 எண்டா மொத்த அமோனியாவில 1 வீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவத்தில இருக்கும். பிஎச் 8க்குப் போனா அது 7 வீதமளவு. கடற்கரைப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி பாவிக்கிற ஆக்களுக்குப் பிஎச் 8 சாதாரணம். கொழும்பில ஒரு நாள் கிடந்தா ஒண்டும் நடக்காத மரக்கறித் துண்டு, இங்க மீனைச் சாக்கொல்லும்.

உவர்மலை_ஒராண்டா
செய்தாச்சு, மீன் கீழ இறங்கிட்டுது. கரட் பிழையா, துருவினது பிழையா?

சிக்லிட்_பாலையூற்று
ரெண்டும்.

மஞ்சள், சிவப்பு நிறம் குடுக்கிற கரோட்டினொயிட்டை மீனால தானாச் செய்ய ஏலாது, சாப்பாட்டில இருந்துதான் எடுக்கவேணும். ஆனா எந்தக் கரோட்டினொயிட் எண்டதில முழு விசயமும் இருக்கு. கரட்டில கூடுதலா இருக்கிறது பீட்டா கரோட்டின். தங்கமீன் அதைத் தோல் நிறமா மாத்துறதில மந்தம், பெரும்பாலும் விற்றமின் ஏ ஆக்கிப்போடும். அதே தங்கமீனுக்கு சியாசாந்தின் குடுத்தா அதை அஸ்டசாந்தினா மாத்தித் தோலில வைக்கும். சியாசாந்தின் இருக்கிறது மஞ்சள் சோளனில, சிவப்பு, செம்மஞ்சள் குடமிளகாயில, ஸ்பைருலினா எண்ட பாசியில. கங்குன், பசளி மாதிரிப் பச்சை இலையில லூட்டீன் கூட, அது மஞ்சள் பக்கம் இழுக்கும். அஸ்டசாந்தின் நேரா வேணும் எண்டா இறால் ஓடு.

அதால தங்கமீனுக்கு நிறம் எண்டு கரட்டை நம்பாதீங்க. அவிச்ச சோளன் நல்லம். முத்தின தோலை நகத்தால உரிச்சு, உள்ளிருக்கிற மஞ்சளை மசிச்சுக் குடுங்க. தோலோட போட்டா அப்பிடியே வெளியால வரும்.

இன்னொண்டு, இதுகள் எல்லாம் கொழுப்பில கரையிற சாமான். எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாம வெறும் மரக்கறி குடுத்தா நிறைய மலத்தோட போகும். பச்சையாக் குடுத்தா இன்னும் மோசம், ஏனெண்டா கலச்சுவர் உடையாது. அவிச்சு மசிச்சுக் குடுக்கச் சொல்லுறது அதுக்குத்தான்.

நாலு கிழமைக்கு முதல் ஒரு மாற்றமும் தெரியாது. எட்டுக் கிழமை எண்டு வைச்சுக்கொள்ளுங்க. பத்து நாளில சிவக்கும் எண்டு விக்கிற சாப்பாட்டை நான் நம்புறதில்லை.

வாலாட்டி
கப்பியின்ர நீலமும் கூடுமோ அண்ணா?

சிக்லிட்_பாலையூற்று
கூடாது தம்பி. நீலம் நிறப்பொருள் இல்லை. தோலுக்குள்ள இருக்கிற குவனீன் தகடுகளில வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. கறுப்பு மெலனின், அதை மீன் தானே செய்யும். சாப்பாடு தொடுறது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மட்டும். அதிலயும் கப்பியின்ர செம்மஞ்சள் புள்ளியில ஒரு பங்கு மீனே செய்யிற வேற நிறப்பொருள்.

தங்கமீன் வளர வளரச் செம்மஞ்சள் போய் வெள்ளையாகிறது பரம்பரையால வாறது. அது வயிறு, செட்டை அடியில தொடங்கித் திட்டுத் திட்டா வெள்ளி மாதிரி ஏறும். அதை ஒரு மரக்கறியும் திருப்பாது. உடம்பு முழுக்க ஒரே அளவா மங்குறது எண்டாத்தான் சாப்பாட்டையும் வெளிச்சத்தையும் பார்க்கவேணும். வெள்ளை மணல், பின்னால வெள்ளைச் சுவர் எண்டா மீன் தன்னைத்தானே வெளிறப் பண்ணும். கண்ணாடிக்குப் பின்னால கறுப்புக் கடதாசி ஒட்டிப் பாருங்க, ரெண்டு மூண்டு நாளில வித்தியாசம் தெரியும். செலவில்லாத வழி, ஒருத்தரும் செய்யிறதில்லை.

உவர்மலை_ஒராண்டா
ஒரே அளவாத்தான் மங்குது. மணல் வெள்ளை. சரி, அதையும் மாத்துறன்.

கொட்டியாரம்
நிறத்துக்கு மரக்கறியைப் போட்டு மினக்கெடுறத விட்டுப்போட்டு கூனி இறால் போடுங்க. ஒங்கட சந்தையிலயே இரிக்கு. காய்ஞ்ச கூனி ஒரு தேக்கரண்டியை மூணு தண்ணியில பத்துப் பத்து நிமிசம் ஊறவெச்சு உப்பை எடுங்க, பொறகு அவிச்சு அரைச்சுப் போடுங்க. ஓட்டோட அரைக்கணும், சிவப்பு ஓட்டுலதான். வாங்கக்குள்ள நிறம் பாருங்க. வெளிறின பழைய கூனியில ஒண்டுமில்ல, வெயிலும் காத்தும் பட்டுப் போயிரிக்கும். கடுஞ்சிவப்பா இரிந்தா சாயமெண்டு சந்தேகப்படுங்க. தண்ணியில போட்டா சாயம் உடனே கழலும்.

மரக்கறி வயித்துக்கு. அதுக்கு நான் எதிரில்ல.

பாசித்தண்ணி
கொட்டியாரம் நானா சொன்னது சரி. மரக்கறியின்ர முதல் வேலை நார். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, குடல்தான் நீளம். அது நாள் முழுக்கக் கொறிக்கிற சாதி. நாங்கள் நாளைக்கு ரெண்டுதரம் மாப்பொருள் கூடின பெலட்டைப் போட்டு நிரப்புறம். மலம் வெள்ளையா, நூல் மாதிரி நீளமா, காத்துக் குமிழோட தொங்குது எண்டா முதல்ல நாரைக் கூட்டிப் பாருங்க.

அவிக்கிற நேரம் ஆளாளுக்கு ஒண்டு சொல்லுவினம். நான் சொல்லுறது கொதிக்கிற தண்ணியில போட்டதில இருந்து, உப்பில்லாம. கங்குன், பசளி இலை 30 முதல் 45 செக்கன். பீர்க்கு, தோல் சீவி 1 செ.மீ. வட்டமா, ஒண்டரை நிமிசம். பூசணி அதே தடிப்பு, ஆவியில அஞ்சு நிமிசம். போஞ்சி நாலு நிமிசம், நடுவால பிளந்து நூலை இழுத்துப்போட்டு. வத்தாளங்கிழங்கு எட்டுப் பத்து நிமிசம், நகம் இறங்கவேணும், ஆனா குழையக்கூடாது. கெக்கரிக்காயை அவிக்கவே வேண்டாம். எடுத்தவுடன குளிர்தண்ணியில போட்டு வேகிறதை நிப்பாட்டுங்க.

கெக்கரிக்காய் 95 வீதம் தண்ணி, பெரிசாச் சத்து இல்லை. பிளெக்கோவுக்குப் பிடிக்கும் எண்டதால எல்லாரும் அதையே போடுகினம். ஸுக்கினி தேடி அலையிற ஆக்களுக்கு: பிஞ்சுப் பீர்க்கு அதைவிட நல்லம், மலிவு.

நிலாவெளி_நீர்
அவிக்க நேரமில்லாட்டி பிரீசர். வெட்டித் தட்டில ஒட்டாம பரப்பி ஒரு இரவு வைச்சா, பனிக்கட்டி கலச்சுவரை உடைச்சுப்போடும், இலை மெத்தெண்டு வரும். கங்குனுக்கு நல்லாச் சரிவரும், கிழங்குக்குச் சரிவராது. மாப்பொருள் வேகாது. கறண்ட் நீளமாப் போய் உருகினதைத் திருப்பி உறைய வைக்காதீங்க, எறிஞ்சுவிடுங்க.

வாலாட்டி
மிதக்குதே? கீழ தின்னுற மீனுக்கு எப்பிடி இறக்குறது?

நிலாவெளி_நீர்
எவர்சில்வர் முள்ளுக்கரண்டியில குத்தித் தாட்டுவிடுங்க. முலாம் பூசின கம்பி, செப்புக் கம்பி ரெண்டும் வேண்டாம், செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். ரப்பர் பாண்டால கல்லில கட்டினா மீன் பாண்டையும் கடிக்கும். கங்குன் தண்டு உள்ளுக்குக் குழாய், காத்து நிக்கும். நகத்தால நீளப்பாட்டுக்குக் கிழிச்சுப்போட்டு அவியுங்க, தானாத் தாழும்.

உவர்மலை_ஒராண்டா
பட்டாணியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஒராண்டா ஒண்டு சாப்பிட்டாப் பிறகு மேல மிதந்து சரியுது.

வாலாட்டி
பட்டாணி போட்டா நிமிரும். எல்லா இடத்திலயும் அதுதான் போட்டிருக்கு.

சிக்லிட்_பாலையூற்று
எல்லா இடத்திலயும் போட்டிருக்கிறதாலதான் பிழையாச் செய்யினம். மிதக்கிறதுக்குக் காரணம் பல. ஒராண்டா, ரியுகின் மாதிரி உருண்டை உடம்புக்காரருக்குக் குடலும் காற்றுப்பையும் நெருக்கிக்கொண்டு கிடக்கும். மலச்சிக்கல் எண்டா குடல் வீங்கிக் காற்றுப்பையை அமத்தும். அதுக்கு மட்டும்தான் பட்டாணி. கிருமியோ, காற்றுப்பையே பிறவிக் கோணலோ எண்டா ஒரு கிலோ பட்டாணி போட்டாலும் சரிதான்.

முதல் ரெண்டு நாள் பட்டினி. பட்டாணிக்கு முதல் பட்டினி எண்டதை எல்லாரும் விட்டுப்போடுகினம். நிறைஞ்ச குடலுக்கு மேல இன்னும் திணிச்சு என்ன பயன்? மூண்டாம் நாள் 8 செ.மீ. மீனுக்கு ரெண்டு பட்டாணி, அவ்வளவும்தான். மிருதுவா அவிச்சு, தோலைப் பிதுக்கி எடுத்து, பருப்பை நாலாக் கிள்ளி. அடுத்த நாளும் அதே. பெலட் மிதக்கிற வகை எண்டா மாத்துங்க, தாழுறதை வாங்குங்க. இல்லாட்டி போடமுன்னம் ஒரு நிமிசம் தண்ணியில ஊறவிடுங்க. மேல வந்து காத்தையும் சேர்த்து விழுங்கிறது குறையும்.

ஒரு கிழமைக்குள்ள நிமிராட்டி அது மலச்சிக்கல் இல்லை. செதில் அன்னாசி மாதிரி எழும்பி நிண்டாலோ, கழிவாய் சிவந்தாலோ பட்டாணியை மறந்து தனித் தொட்டிக்கு எடுங்க.

கொட்டியாரம்
பட்டாணி எந்தப் பட்டாணி எண்டும் சொல்லணும். காய்ஞ்ச பச்சைப் பட்டாணியை ஊறப்போட்டா தண்ணி சில நேரம் கடும்பச்சையா வரும். அது சாயம், எறிஞ்சிருங்க. பிரீசர் பட்டாணிதான் சுகம், ஒரு பக்கெட் மூணு மாசத்துக்குக் காணும். டின் பட்டாணியில உப்பு, வேணாம்.

பாசித்தண்ணி
பட்டாணியில புரதமும் மாப்பொருளும் நல்லா இருக்கு, அது வெறும் நார் இல்லை. தினம் போட்டா திருப்பி வயிறு ஊதும். கிழமைக்கு ஒருதரம் போதும். நாருக்குத் தினம் எண்டா கங்குன் இலைதான்.

இறால்குஞ்சு
இலைக்கறி எண்டு எல்லாரும் வசதியாச் சொல்லுறீங்கள், மருந்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. செரி இறால் வளர்க்கிற ஆக்களுக்கு இது பெரிய விசயம். மீன் தாங்குற பூச்சிமருந்து அளவில இறால் அரை மணித்தியாலத்தில மல்லாந்து துடிக்கும். இறாலும் பூச்சியும் ஒரே வம்சம், பூச்சிக்கு அடிக்கிறது இறாலுக்கும் அடிக்கும். கோவா, லீக்ஸ், சலாது, போஞ்சி எல்லாம் தம்புள்ளைச் சந்தை வழியா வாறது. எத்தனை நாளைக்கு முதல் மருந்தடிச்சது எண்டு ஆருக்குத் தெரியும்? உப்புத் தண்ணி, வினாகிரித் தண்ணி மேலால இருக்கிறதில கொஞ்சத்தைத்தான் எடுக்கும். செடிக்குள்ள ஊறுற மருந்தைக் கழுவி எடுக்க ஏலாது.

தோல் சீவக்கூடியதை எடுங்க: பூசணி, பீர்க்கு, வத்தாளங்கிழங்கு. இலை எண்டா வீட்டுச் சாடியில நட்டதுதான். கங்குன் தண்டை 15 செ.மீ. நறுக்கி ஈரமண்ணில குத்திவிட்டா மூண்டாம் கிழமை வெட்டலாம். வேலியில நிக்கிற முருங்கையும் சரி, இலையை நிழலில காயவைச்சுத் தூளாக்கலாம். சந்தை இலைதான் வேணும் எண்டா அவிச்ச தண்ணியைக் கொட்டிப்போட்டு, இறால் தொட்டியில போடாம மீனுக்கு மட்டும் போடுங்க.

வாலாட்டி
அக்கா, வீட்டில மரவள்ளி இலை நிறையக் கிடக்கு. குடுக்கலாமோ?

இறால்குஞ்சு
பச்சையா ஒருநாளும் வேண்டாம், சயனைட். சேம்பிலையும் வேண்டாம், ஊசி மாதிரி ஒட்சலேற்றுப் பளிங்கு, வாயைக் குத்தும். முளைக்கீரையிலயும் ஒட்சலேற்று கூட, கல்சியத்தைப் பிடிச்சுவைக்கும். எப்பவாவது எண்டாப் பரவாயில்லை, தினச் சாப்பாடா வைக்காதீங்க. பச்சை பிடிச்ச உருளைக்கிழங்கு, உப்பு மஞ்சள் போட்ட கறித் துண்டு, வெங்காயம் எல்லாம் குப்பைவாளிக்கு.

உவர்மலை_ஒராண்டா
கூனியும் இலையும் சோளனும் ஒண்டாச் சேர்த்துக் கட்டியா வைக்க ஏலுமோ? ஒவ்வொரு நாளும் அவிச்சுக்கொண்டு நிக்கக் கஷ்டம்.

நிலாவெளி_நீர்
ஜெலட்டின் போட்டு இறுக்கலாம். சுடுதண்ணியில கரைச்சு...

கொட்டியாரம்
ஜெலட்டின் வேணாம்! இங்க மத்தியானம் தொட்டித் தண்ணியே 31, 32. ஜெலட்டின் உருகிறதும் அந்தக் கணக்குலதான். போட்ட கட்டி மீன் வாயில படமுன்னம் கூழாகி, தண்ணி மறுபடி பால். கடற்பாசி (அகர்) போடுங்க, நோன்பு காலத்துல இறுக்கிற அதே கடற்பாசி. அது 35, 40 பாகையில இறுகும், ஒருக்கா இறுகினா 85 வரைக்கும் உருகாது.

அரைக் கிலோ அளவுக்குக் கணக்கு: தோல் சீவி அவிச்ச பூசணி 100 கிராம், அவிச்சுத் தோல் எடுத்த சோளன் 50, அவிச்ச இலை 50, ஓட்டோட அவிச்ச சின்ன இறால் 100 (கூனி எண்டா காய்ஞ்சது 25 கிராம் ஊறவெச்சு, மிச்சத்தைப் பூசணியால நிரப்புங்க), தண்ணி 200 மில்லிலீற்றர், கடற்பாசித் தூள் 7 கிராம். நூல் கடற்பாசி எண்டா அதே நிறை, அரை மணித்தியாலம் ஊறவெச்சுப் போடுங்க.

சாமான் எல்லாத்தையும் மிக்சியில பசையா அரைச்சு ஒரு பக்கம் வைங்க. பிரிட்ஜுல வெச்ச குளிர்ப் பசை வேணாம், அறைச் சூட்டுல இரிக்கணும். கடற்பாசியைப் பச்சைத் தண்ணியில போட்டு, கிளறிக் கிளறி ரெண்டு நிமிசம் நல்லாக் கொதிக்க விடுங்க. கொதிக்காட்டி இறுகாது, எல்லாரும் பிழைவிடுற இடம் இதுதான். இறக்கி ஒரு நிமிசம் விட்டுப்போட்டு, பசையைக் கொட்டி ஒரே மூச்சுல கலக்குங்க. பசை குளிரா இரிந்தா கடற்பாசி அந்த இடத்துலயே மணிமணியாத் திரண்டிரும்.

சிக்லிட்_பாலையூற்று
அதோட மீனெண்ணெய் ஒரு தேக்கரண்டி, மாத்திரையைக் குத்திப் பிழியலாம். தேங்காயெண்ணெய் வேண்டாம், தண்ணிக்கு மேல ஆடை போடும். ஸ்பைருலினாத் தூள் கிடைச்சா ஒரு மேசைக்கரண்டி. விற்றமின் சி 500 மில்லிகிராம் மாத்திரையில கால்வாசி. இது மூண்டையும் கடைசியா, கை தாங்குற சூட்டுக்கு வந்தவுடன இறுக முன்னம் கலவுங்க, கொதியோட போட்டா விற்றமின் வீண். இறாலைக் கட்டாயம் அவியுங்க. சில ஓட்டு உயிரினங்களில தயமினைச் சிதைக்கிற நொதி இருக்கு, அவிச்சா அது போகும்.

நிலாவெளி_நீர்
சரி, ஜெலட்டினை வாபஸ் வாங்குறன். ஆனா கடற்பாசிக்கும் ஒரு குறை இருக்கு. பிரீசரில வைச்சு எடுத்தா ஸ்பொஞ் மாதிரியாகி தண்ணி விடும். அந்தத் தண்ணி முழுக்கச் சத்து, தொட்டியில ஊத்தினா பழைய கதை. சின்ன வடியில போட்டு உருக விட்டு, தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊத்திப்போட்டு கட்டியை மட்டும் போடுங்க. நாலைஞ்சு நாளைக்கு வேண்டியதைப் பிரீசருக்கு அனுப்பாம பிரிட்ஜ் கீழ்த்தட்டில வையுங்க. உறைய வைக்கிறதை 4 மில்லிமீற்றர் தகடா ஊத்தினா உடைச்சு எடுக்கச் சுகம்.

உவர்மலை_ஒராண்டா
எவ்வளவு போடுறது? எவ்வளவு நேரத்தில மிச்சத்தை எடுக்கிறது?

பாசித்தண்ணி
ஒராண்டாவுக்குக் கட்டி, மூண்டு நிமிசத்தில முடியிற அளவு. மீன்ர கண் அளவுக்கு நறுக்கினா ஒரு மீனுக்கு நாலைஞ்சு துண்டு. இலையை விட்டுவைக்கலாம், ஆனா ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம். புத்தகத்தில 24 மணித்தியாலம் விடலாம் எண்டிருக்கும், அது 24 பாகைத் தண்ணிக்கு. கச்சான் காத்துக் காலத்தில இங்க அது செல்லாது. துண்டைத் தொட்டுப் பாருங்க, விரலில வழுக்கினா நேரம் முடிஞ்சுது. வெள்ளைப் பஞ்சு மாதிரிப் படிஞ்சிருந்தா பிந்திட்டீங்கள்.

பிளெக்கோ வேற கணக்கு. அது இரவுக்காரர். பகல் போட்டா ஒராண்டா கொத்திப் பிய்க்கும், பிளெக்கோவுக்கு ஒண்டும் மிஞ்சாது. லைட் அணைச்சு அரை மணித்தியாலத்தால போடுங்க, விடிய லைட் போடமுன்னம் எடுங்க. 10 செ.மீ. பிரிஸ்ல்நோஸ் ஒண்டுக்கு ஒரு செ.மீ. தடிப்பில ஒரு வட்டம் பீர்க்கு. இரவு முழுக்கக் கிடக்கப் போறதால அதை நல்லா வழியக் கழுவி, அவிச்சு, சாறு போகப் பிழிஞ்சு போடுங்க. அந்த இரவு எயார் ஸ்டோன் கட்டாயம். தொட்டிக்குள்ள ஒரு கட்டையும் வேணும், அது சுரண்டும்.

கொட்டியாரம்
கடைக்காரன் "கிளீனர்" எண்டு விக்கிறதாலதான் அதுக்கு ஒருத்தரும் சாப்பாடு போடுறல்ல. அது பீ தின்னாது. பாசி முடிஞ்சா பட்டினி. பட்டினி கெடந்தா இரவுல தங்கமீன்ட ஒடம்புல ஏறி ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டும், முக்கியமா சாதாரண பிளெக்கோ. விடிய மீன் பக்கத்துல வட்டமாத் தோல் போயிருந்தா நோய் எண்டு மருந்து தேடாதீங்க, பிளெக்கோட வேலை.

வாலாட்டி
ஃபைட்டருக்கும் இதே கட்டி போடலாமோ? ஒஸ்காருக்கு?

சிக்லிட்_பாலையூற்று
ஃபைட்டர் பூச்சி தின்னுற மீன், குடல் கட்டை. மரக்கறியால அதுக்கு ஒண்டுமில்லை. மலச்சிக்கல் எண்டா ஒரு நாள் பட்டினி, பிறகு டப்னியா எண்ட தண்ணித் தெள்ளு. ஒஸ்கார் பட்டாணி தின்னும், ஆனா அதுக்கு முதல் புரதம்தான்.

மறுபக்கம், மலாவி ஏரி ம்புனா கல்லில படிஞ்ச பாசியைச் சுரண்டி வாழுறது. அதுக்கு மாட்டிதயம், கூடுதலான இறால் எண்டு குடுத்தா வயிறு வீங்கிச் சாகும். ம்புனாவுக்கு நானாவின்ர கணக்கில இறாலை 25 கிராமாக் குறைச்சு, அந்த இடத்துக்கு இலையைக் கூட்டுங்க. சில்வர் டொலருக்கு இறாலே வேண்டாம், அது ஆடு மாதிரி, இலையைக் கட்டித் தொங்கவிட்டாப் போதும். அதோட தொட்டிச் செடியை எல்லாம் மறந்துவிடுங்க. கப்பி, பிளட்டி, மொலி நாள் முழுக்கப் பாசி கொத்துற சாதி, கட்டியைச் சீஸ் துருவியில துருவிப் போடலாம். எங்கட நாட்டுச் செரி பார்ப்புக்கும் அப்பிடித்தான். ஆணின்ர சிவப்பு இருண்ட அடித்தளத்தில, இறால் ஓடு சேர்ந்த சாப்பாட்டில நல்லா ஏறும்.

நிலாவெளி_நீர்
பாசி எண்டோடன: வெள்ளைக் குறுணிக்கல்லு, இல்லாட்டி வழுவழுப்பான ஆத்துக்கல்லை வாளியில போட்டு, தொட்டியில இருந்து மாத்தின தண்ணியை ஊத்தி வெயிலில வையுங்க. எட்டுப் பத்து நாளில பச்சை பிடிக்கும். நாலு கல்லைச் சுழற்சியாப் போட்டு எடுத்தா பிளெக்கோவுக்கும் கப்பிக்கும் அதைவிட நல்ல மரக்கறி இல்லை. பழுதாகாது, தண்ணியைக் கெடுக்காது.

இறால்குஞ்சு
வாளியை நுளம்புவலையால இறுக்கிக் கட்டுங்க. டெங்கு பரிசோதனைக்கு வந்து நுளம்புக் குடம்பி கண்டா 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு. "மீனுக்குப் பாசி வளர்க்கிறன் சேர்" எண்டா விடமாட்டினம். வலை கட்டாட்டி ரெண்டு கப்பியை வாளிக்குள்ள விடுங்க, ஆனா மத்தியானத்தில நிழல் வேணும், சின்ன வாளித் தண்ணி வெயிலில கொதிச்சுப்போடும்.

தம்பலகாமம் பக்கத்து வாய்க்காலில இருந்து டக்வீட், அசோலா மாதிரி மிதக்கிற செடியை அள்ளிக்கொண்டு வாற ஆக்கள் ரெண்டு கிழமை தனி வாளியில வைச்சுக் கழுவிப்போட்டுத்தான் போடவேணும். வயல் தண்ணியில களைநாசினி, அட்டை, தும்பிக் குடம்பி எல்லாம் வரும். தும்பிக் குடம்பி கப்பிக் குஞ்சை ஒண்டொண்டா முடிச்சுப்போடும். வளர்த்து எடுத்தா டக்வீட் அருமையான சாமான், தங்கமீன் மேல நிண்டு சப்பிக்கொண்டே இருக்கும்.

உவர்மலை_ஒராண்டா
சரி, கிழமைக் கணக்கு எழுதுறன், பிழையைச் சொல்லுங்க. ஒராண்டாவுக்கு விடிய தாழுற பெலட். திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் கடற்பாசிக் கட்டி. செவ்வாய், வியாழன் கங்குன் இலை. சனி ஆளுக்கு ரெண்டு பட்டாணி. ஞாயிறு ஒண்டுமில்லை. கப்பிக்குக் கட்டியைத் துருவி, ஒண்டைவிட்ட நாள். மணல் கறுப்பு. தண்ணி கிழமைக்கு 30 வீதம்.

பாசித்தண்ணி
கட்டி போடுற நாளில விடியப் பெலட்டை அரைவாசியாக் குறையுங்க, இல்லாட்டி மேலதிகமாத்தான் போகும். தண்ணியை ஒரேயடியா 30 எண்டு மாத்தாம 15, 15 எண்டு ரெண்டு தரமா மாத்துங்க, ஒருதரம் சனி பட்டாணி முடிஞ்ச கையோட. முதல் ரெண்டு கிழமை அமோனியாவைப் பாருங்க. ஏதாவது காட்டினா கட்டியை ஒரு நாள் குறையுங்க, இலையைக் குறைக்கவேண்டாம். இப்பவே மீனை ஒரே வெளிச்சத்தில, ஒரே இடத்தில வைச்சு ஒரு படம் எடுங்க. எட்டாம் கிழமை இன்னொண்டு. இடையில கண்ணால பார்த்துச் சொல்லுறதை நம்பாதீங்க.

உவர்மலை_ஒராண்டா
நன்றி. ஞாயிறு பிளெக்கோவுக்கும் விரதமோ?

கொட்டியாரம்
அதுக்கு விரதம் வெச்சா ஒராண்டாலதான் நோன்பு திறக்கும். லைட் அணைச்சதும் ஒரு வட்டம் பீர்க்கு போட்டிருங்க.